புது மீன் எந்த நாளில் இறந்தது?

கடையில் வாங்கி வந்த மீன் இறந்துவிட்டது என்று யாராவது வந்து சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: தொட்டியில் விட்டு எத்தனை நாள் ஆயிற்று? தொட்டி எத்தனை லிட்டர், என்ன தீவனம், என்ன மருந்து என்பதெல்லாம் பிறகு. முதல் இரவே மிதந்த மீனுக்கு ஒரு காரணம். நாலைந்து நாள் கழித்து ஒவ்வொன்றாகப் போகும் மீனுக்கு வேறு காரணம். இரண்டு வாரம் துள்ளி விளையாடிவிட்டுத் திடீரென்று மூலையில் ஒடுங்கும் மீனுக்கு மூன்றாவது காரணம். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே நீல மருந்தை ஊற்றுகிறார்கள். அது பலிக்காதபோது கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று வேறு கடையைத் தேடுகிறார்கள். அங்கே வாங்கிய மீனும் அதே நாள் கணக்கில் இறக்கிறது.

நான் எழுதுவது பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்திலிருந்து. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரபதி, கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று தமிழ் பேசும் ஊர்கள் வரிசையாக இருக்கும் பக்கம். எங்களுக்கு மீன் இரண்டு திசையிலிருந்தும் கிடைக்கிறது. மேற்கே போனால் பாலக்காடு, திருச்சூர்க் கடைகள். கிழக்கே போனால் பொள்ளாச்சி, கோயம்புத்தூர். கோவைப் பக்கம் விற்பவற்றில் சென்னைக் கொளத்தூர்ச் சந்தையிலிருந்து இரவோடு இரவாகப் பயணம் செய்து வந்த மீன்களும் உண்டு. இரண்டு பக்கத்து மீனும் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் அவை வளர்ந்த தண்ணீர் ஒன்றல்ல. எங்கள் பகுதியில் புது மீன் இறப்பதைப் பற்றிப் பேச வேண்டுமானால் தண்ணீரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதல் நாள் சாவு

பாலக்காட்டின் மேற்குப் பகுதியில் வெட்டுக்கல் தோண்டிய கிணறுகள். மழை அதிகம், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் குறைவு, அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு பெரும்பாலும் 7-க்குக் கீழே, அதாவது சற்றே அமிலம். எங்கள் பக்கம் வந்தால் கரிசல் மண், குறைந்த மழை, ஆழமான போர். அந்தத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகாது, சோப்பு நுரைக்காது, கொதிக்க வைத்த பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். பிஎச் 8-ஐ ஒட்டி இருக்கும். வீட்டில் இதை உப்புத் தண்ணீர் என்கிறோம், குடிக்கப் பிடித்து வைப்பதை நல்ல தண்ணீர் என்கிறோம். மனிதர்களுக்கே இந்த வித்தியாசம் தெரிகிறது என்றால், நாள் முழுக்க அதற்குள்ளேயே இருந்து சுவாசிக்கும் உயிருக்கு எப்படி இருக்கும்?

நன்னீர் மீனின் ரத்தம், லிட்டருக்கு ஏறத்தாழ 9 கிராம் உப்புக் கரைந்த நீருக்குச் சமமான அடர்த்தி கொண்டது. சுற்றியுள்ள தண்ணீரில் உப்பு அதைவிட மிகக் குறைவு. அதனால் செவுள் வழியாகத் தண்ணீர் ஓயாமல் உள்ளே கசிகிறது, உடம்பின் உப்பு வெளியே கசிகிறது. உள்ளே வந்த தண்ணீரைச் சிறுநீரகம் வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. போன உப்பைச் செவுள் திரும்ப இழுத்துக்கொண்டே இருக்கிறது. மீன் எந்தத் தண்ணீரில் இருக்கிறதோ அதற்கேற்ப இந்த வேலையின் வேகம் அமைந்திருக்கும். கடைத் தொட்டியிலிருந்து எடுத்து, முற்றிலும் வேறான தண்ணீரில் திடீரென்று விட்டால் அந்தக் கணக்கு குலைந்துவிடுகிறது. புதிய வேகத்துக்குப் பழக மீனுக்குச் சில நாட்கள் தேவை. நாம் கொடுப்பது கால் மணி நேரம்.

இதைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதுதான் சிக்கல். தண்ணீர் இரண்டு பக்கமும் தெளிவாகவே இருக்கும். ஆகவே மீன் வளர்க்கத் தொடங்குபவர் முதலில் வாங்க வேண்டிய கருவி டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவை அளக்கும் பேனாதான் என்பது என் உறுதியான கருத்து. வண்ணக் கல்லும் பிளாஸ்டிக் செடியும் பிறகு வாங்கிக்கொள்ளலாம். பேனாவைக் கடைத் தொட்டியில் ஒரு முறை நனைத்துப் பார்க்கக் கேளுங்கள், நல்ல கடைக்காரர் மறுக்கமாட்டார். அங்கே 100 காட்டி, உங்கள் போர் தண்ணீர் 900 காட்டினால், அன்றைக்கு மீனை வாங்காதீர்கள். முதலில் தண்ணீரைத் தயார் செய்யுங்கள்.

எப்படித் தயார் செய்வது? எங்கள் பக்கம் மழை குறைவு என்றாலும் பெய்யத்தான் செய்கிறது. முதல் மழையில் ஓட்டுத் தூசி கழுவிப் போகட்டும் என்று விட்டுவிட்டு, பிறகு பிடித்த மழைநீரில் டிடிஎஸ் 20 போலத்தான் இருக்கும். ஒரு பங்கு போர் தண்ணீரோடு மூன்று பங்கு மழைநீர் கலந்தால் 900 என்பது ஏறத்தாழ 240 ஆகிவிடும். மழை இல்லாத மாதங்களில் ஆர்ஓ தண்ணீர் அதே வேலையைச் செய்யும். 25 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் இப்படிக் கடைத் தண்ணீருக்கு நெருக்கமான தண்ணீரை வைத்துப் புது மீனை அதில் விட வேண்டும். பிறகு தினமும் ஒரு பங்கை எடுத்துவிட்டு வீட்டுத் தண்ணீர் சேர்த்துவந்தால், ஒரு வாரம் பத்து நாளில் மீன் நம் ஊர்த் தண்ணீருக்கு வந்துவிடும். மீனை அவசரமாகத் தண்ணீருக்குப் பழக்குவதைவிட, தண்ணீரை முதலில் மீனுக்கு ஏற்றபடி அமைப்பது எளிது.

இவ்வளவு வேலை வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி, நம் தண்ணீரை விரும்பும் மீனை வாங்குவது. கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் ஆகியவை கடினத் தண்ணீரில் நன்றாக வாழும்; மோலிக்கு அதுதான் பிடிக்கும். அமேசான் படுகையின் மென்மையான, சற்றே அமிலத்தன்மையுள்ள ஓடைகளைச் சேர்ந்தது நியான் டெட்ரா. அதைக் கொழிஞ்சாம்பாறைப் போர் தண்ணீரில் நேரே விட்டுவிட்டு மீன் பலவீனம் என்று சொல்வது நியாயமில்லை.

பைக்குள் நடப்பது

முதல் நாள் சாவுக்கு இன்னொரு காரணம் பைக்குள் இருக்கிறது. இதை நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இங்கே பொறுமையே சில சமயம் மீனைக் கொன்றுவிடுகிறது.

பையில் அடைபட்ட மீன் மூச்சு விடும்போது கரியமில வாயு வெளியேறித் தண்ணீரில் கரைகிறது. அதனால் பைத் தண்ணீரின் பிஎச் மெல்ல இறங்கும். அதே நேரத்தில் செவுள் வழியாக அமோனியாவும் வெளியேறிச் சேர்கிறது. அமோனியாவுக்குத் தண்ணீரில் இரண்டு வடிவம் உண்டு. ஒன்று அமோனியம், அது மீனை அவ்வளவாகத் தொடாது. மற்றொன்று தனி அமோனியா, அதுதான் செவுளை எரிக்கும் நஞ்சு. எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பிஎச். 25 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் மொத்தத்தில் 200-ல் ஒரு பங்குதான் நஞ்சு வடிவம். பிஎச் 8 ஆனால் 100-ல் 5 பங்குக்கு மேல். 30 டிகிரி வெப்பமும் சேர்ந்தால் 100-ல் 7 பங்கைத் தாண்டும்.

கோவையிலிருந்து பஸ்ஸில் வந்து, வீட்டில் ஒருவர் வரட்டும் என்று காத்திருந்து, மாலை வரை பையிலேயே கிடந்த மீனை நினைத்துப் பாருங்கள். பைக்குள் அமோனியா நிறையச் சேர்ந்திருக்கிறது. பிஎச் இறங்கியிருப்பதால் அது தீங்கில்லாத வடிவத்தில் அடங்கிக் கிடக்கிறது. இப்போது பையைத் திறக்கிறோம். கரியமில வாயு வெளியேறுகிறது. அதோடு ஒரு டம்ளர் நம் பிஎச் 8 தண்ணீரையும் ஊற்றுகிறோம். பைத் தண்ணீரின் பிஎச் ஏறுகிறது, அடங்கிக் கிடந்த அமோனியா நஞ்சாக மாறுகிறது. மெதுவாகச் செய்தால் நல்லது என்று ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்தால், அந்த ஒரு மணி நேரமும் மீன் அந்த நஞ்சிலேயே கிடக்கிறது.

ஆகவே பயணம் எவ்வளவு நேரம் என்பதைப் பார்த்து முறையை மாற்ற வேண்டும். பக்கத்துக் கடையில் வாங்கி அரை மணி நேரத்தில் வீடு வந்துவிட்டால் சொட்டு முறை நல்லதே. பல மணி நேரம் பையில் இருந்த மீன் என்றால், கட்டைப் பிரிக்காமல் பையைத் தொட்டியில் 15 முதல் 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தை மட்டும் சமன் செய்யுங்கள். பிறகு திறந்த உடனே மீனை வலையில் வடித்து, ஏற்கெனவே கடைத் தண்ணீருக்கு ஏற்றபடி தயாராக இருக்கும் தனித் தொட்டியில் விடுங்கள். பைத் தண்ணீரில் ஒரு சொட்டும் உள்ளே போகக்கூடாது. அதில் அமோனியா மட்டுமல்ல, கடைத் தொட்டியின் கிருமியும் இருக்கிறது.

பயணத்தையும் கொஞ்சம் திருத்திக்கொள்ளலாம். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன் என்பது கணக்கு. தண்ணீர் நிறைய இருந்தால் நல்லது என்று நிரப்பச் சொல்லாதீர்கள். சிறிய மீன்கள் பையின் மூலைகளில் சிக்கி நசுங்கும், மூலைகளை ரப்பர் பேண்டால் கட்டச் சொல்லுங்கள். பைக்கின் பெட்ரோல் டேங்க் மீது வைத்து வெயிலில் கொண்டுவருவதைத் தவிர்க்க வேண்டும். சித்திரையில் எங்கள் பக்கம் 40 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் தண்ணீரால் பிடித்து வைக்க முடிந்த ஆக்சிஜனும் குறைகிறது. தெர்மாகோல் பெட்டியோ தடித்த துணிப்பையோ போதும். அதிகாலையிலோ பொழுது சாய்ந்த பிறகோ வாங்குவது மேல்.

குளோரினைப் பற்றி ஒரு வார்த்தை. குழாய்த் தண்ணீரில் அது இருக்கும் என்பது பலருக்குத் தெரியும், ஒரு நாள் பிடித்து வைத்துக் காற்று விட்டுப் பயன்படுத்துகிறார்கள், அல்லது தயோசல்பேட் கல் போடுகிறார்கள். மறந்துபோவது கிணறு. மஞ்சள் காமாலை பரவுகிறது என்று வார்டு முழுக்கக் கிணறுகளில் பிளீச்சிங் பவுடர் போடும் நாட்கள் உண்டு. அந்த வாரம் நேரே கிணற்றுத் தண்ணீரை மாற்றிய தொட்டியில் பழைய மீனும் புது மீனும் சேர்ந்தே மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்.

நான்காம் நாளிலிருந்து

முதல் நாளைத் தாண்டிய மீன் தீவனம் எடுக்கும், நிறம் திரும்பும், வீட்டில் எல்லோரும் நிம்மதி அடைவார்கள். புதுத் தொட்டி என்றால் உண்மையான ஆபத்து அப்போதுதான் தொடங்குகிறது. எங்கள் தெருவில் ஒரு கல்லூரி மாணவன் இப்படித்தான் வந்து நின்றான்.

"அண்ணா, தொட்டி கண்ணாடி மாதிரி இருக்கிறது. பில்டர் ஸ்பாஞ்சைக்கூட நேற்று குழாயில் பிழிந்து பிழிந்து கழுவினேன். இன்றைக்கு மூன்று போய்விட்டது."

"கழுவும்போது பழுப்பாகக் கொழகொழவென்று வந்ததா?"

"ஆமாம், அழுக்கு நிறைய வந்தது."

அவன் அழுக்கு என்று நினைத்துக் கழுவிவிட்ட அந்தப் பழுப்புக் கொழகொழப்பில்தான் தொட்டியின் உயிர் இருந்தது. மீன் வெளியிடும் அமோனியாவை ஒரு வகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. வேறு வகை நுண்ணுயிர்கள் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. 1890-ஆம் ஆண்டு வாக்கில் ரஷ்ய அறிவியலாளர் செர்கெய் வினோகிராட்ஸ்கி இந்த நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார். குளத்திலும் வயல் மண்ணிலும் நடப்பதுதான் ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும் நடக்கிறது. அமோனியாவும் நைட்ரைட்டும் நஞ்சு. நைட்ரேட் பெரிய அளவில் சேராதவரை மீன் தாங்கிக்கொள்ளும், வாராவாரம் தண்ணீர் மாற்றினால் போதும்.

புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் இல்லை. கடையில் பில்டர் வாங்கி மாட்டினால், மாட்டிய அன்று அது வெறும் ஸ்பாஞ்ச். நுண்ணுயிர்கள் தானாகப் பெருகிப் போதுமான அளவுக்கு வர 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் பத்து மீனை விட்டால் அமோனியா நாளுக்கு நாள் ஏறுகிறது. அது இறங்கும் சமயத்தில் நைட்ரைட் ஏறுகிறது. அந்த இரண்டு மேடுகளில்தான் மீன்கள் ஒவ்வொன்றாகப் போகின்றன. தண்ணீர் பளபளவென்று இருக்கும், ஆகையால் யாரும் தண்ணீரைச் சந்தேகிப்பதில்லை.

இங்கே மறுபடியும் எங்கள் ஊரின் தண்ணீர் குறுக்கே வருகிறது. சோதனைக் கிட்டில் மொத்த அமோனியா லிட்டருக்கு 1 மில்லிகிராம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மேற்கே பிஎச் 7-க்குக் கீழே இருக்கும் கிணற்றுத் தண்ணீரில் அது உடனடி ஆபத்தில்லை. அதே 1 மில்லிகிராம், பிஎச் 8 போர் தண்ணீரில் செவுளைப் புண்ணாக்கும். திருச்சூரில் இருக்கும் நண்பர் தன் தொட்டியில் முதல் நாளே பதினைந்து மீன் விட்டேன், ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னால் அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். அதைக் கேட்டு நாம் செய்தால் நடக்காது. அவர் பக்கத்துக்கும் ஒரு குறை உண்டு: அமிலத்தன்மையுள்ள மென்தண்ணீரில் அந்த நுண்ணுயிர்கள் மந்தமாகத்தான் பெருகும். நமக்குக் கடினத் தண்ணீர் அந்த ஒரு விஷயத்தில் துணை செய்கிறது.

வழி என்ன? மீன் இல்லாமலேயே தொட்டியை ஓடவிடுவது சிறந்தது. தண்ணீர் நிரப்பி, பில்டரை இரவும் பகலும் ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை தீவனம் போட்டுவந்தால் அது அழுகி அமோனியாவாகி நுண்ணுயிர்களுக்கு உணவாகும். அமோனியாவும் நைட்ரைட்டும் சுழி காட்டும் வரை காத்திருக்க வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் காலித் தொட்டியை ஒரு மாதம் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது கடினம், எனக்கு அது புரிகிறது. அப்படிப்பட்டவர்களுக்குக் குறுக்குவழி உண்டு. நோயில்லாமல் பல மாதம் ஓடிய ஒரு தொட்டியின் பழைய ஸ்பாஞ்சை வாங்கி, காயாமல் ஈரத்தோடு கொண்டுவந்து உங்கள் பில்டரில் சேர்த்துவிடுங்கள். மாதக் கணக்கு வாரக் கணக்காகச் சுருங்கிவிடும். புதுத் தொட்டி வைப்பவருக்கு மீன் வளர்க்கும் நண்பர் கொடுக்கக்கூடிய நல்ல பரிசு ஒரு ஜோடி கப்பி அல்ல, அந்த அழுக்கு ஸ்பாஞ்சுதான். பிறகு ஸ்பாஞ்சைக் கழுவ வேண்டுமென்றால் குழாயடிக்குப் போகாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்து போடுங்கள்.

மீன் ஏற்கெனவே உள்ளே இருந்து, இறப்பும் தொடங்கிவிட்டது என்றால், தீவனத்தை இரண்டு நாள் நிறுத்துங்கள். வளர்ந்த மீன் பட்டினியில் சாகாது. தினமும் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை தண்ணீர் மாற்றுங்கள். மாற்றும் தண்ணீரின் வெப்பமும் டிடிஎஸ்ஸும் தொட்டியோடு ஒத்திருக்கட்டும். மீன் மேலே வந்து மூச்சு வாங்குகிறது, ஏர் பம்ப் நன்றாக ஓடுகிறது, செவுள் சிவப்புப் போய்ப் பழுப்பாகத் தெரிகிறது என்றால் நைட்ரைட் காரணமாக இருக்கலாம். அது ரத்தம் ஆக்சிஜன் சுமப்பதைத் தடுத்துவிடும். லிட்டருக்கு 1 கிராம் கல்லுப்பைத் தனியாகக் கரைத்து மெதுவாக ஊற்றினால், உப்பிலுள்ள குளோரைடு செவுளில் நைட்ரைட் நுழைவதைக் குறைக்கிறது. உப்பு நைட்ரைட்டை அகற்றாது, மீனுக்கு அவகாசம் கொடுக்கும். அந்த அவகாசத்தில் தண்ணீர் மாற்றுவதைத் தொடர வேண்டும்.

திருவிழாக் கடைகளில் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு தங்கமீன் வைத்து விற்கிறார்கள். பில்டர் கிடையாது, தண்ணீர் இரண்டு மூன்று லிட்டர், நன்றாக வளர்ந்தால் ஒரு சாண் நீளம் ஆகும் மீன். அது இரண்டு வாரம் இருந்தால் ஆச்சரியம். அதை வாங்கித் தர வேண்டாம் என்று ஒவ்வொரு வருடமும் தெரிந்தவர்களிடமெல்லாம் கெஞ்சுகிறேன்.

இரண்டாவது வாரம்

தொட்டி பழையது, தண்ணீர் சரி, பத்து நாளுக்கு மேல் மீன் நன்றாக இருந்தது, பிறகு நோய். இது பெரும்பாலும் மீனோடு சேர்ந்து கடையிலிருந்து வந்தது. பயணக் களைப்பில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறைந்ததும் தலை தூக்குகிறது.

அடிக்கடி வருவது வெள்ளைப் புள்ளி. டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், துடுப்பிலும் வாலிலும் ரவை தூவியதுபோல் தெரியும். மீன் கல்லில் போய் உடம்பைத் தேய்க்கும். இது ஓர் ஒட்டுண்ணி. தோலுக்கு அடியில் இருக்கும்போது மருந்து அதைத் தொடாது. அது வளர்ந்து மீனிடமிருந்து உதிர்ந்து, தரையில் ஒட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிந்து, மறுபடி மீனைத் தேடி நீந்தும். அந்த நீந்தும் கட்டத்தில் மட்டும்தான் மருந்தும் உப்பும் வேலை செய்யும். புள்ளி மறைந்தது, குணமாகிவிட்டது என்று மூன்றாம் நாள் மருந்தை நிறுத்துகிறவர்கள் அதற்கடுத்த வாரம் இரட்டிப்பாகப் பார்க்கிறார்கள். 25 டிகிரியில் இந்தச் சுற்று ஒரு வாரம் போல ஆகும், குளிரில் இன்னும் நீளும். ஆகவே புள்ளி போன பிறகும் ஒரு வாரமாவது சிகிச்சை தொடர வேண்டும்.

எங்கள் பக்கம் இது மார்கழி, தை மாதங்களில் அதிகம். பாலக்காட்டுக் கணவாயில் கிழக்குக் காற்று வீசத் தொடங்கினால் பகல் வெயிலுக்கும் விடியற்காலைக் குளிருக்கும் இடையில் சிறிய தொட்டியின் வெப்பம் ஏறி இறங்கும். அந்த இரண்டு மாதங்கள் ஹீட்டர் இல்லாமல் புது மீன் வாங்காமல் இருப்பதே நல்லது.

வெள்ளையாக இருப்பதெல்லாம் வெள்ளைப் புள்ளி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். வாயைச் சுற்றிப் பஞ்சுபோலவும், முதுகின் குறுக்கே சேணம் போட்டதுபோலச் சாம்பல் படலமாகவும் வந்தால் அது காலம்நேரிஸ் என்னும் பாக்டீரியா நோய். கப்பியையும் மோலியையும் ஓரிரு நாளில் சாய்த்துவிடும். வெள்ளைப் புள்ளிக்குத் தண்ணீரைச் சூடாக்குவது உதவும். காலம்நேரிஸில் அதே சூடு நோயை விரைவுபடுத்தும். நோயைப் பார்த்து அறியாமல் ஹீட்டரைத் திருப்பக்கூடாது என்று சொல்வது இதனால்தான். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக் கேப்ஸ்யூலைப் பிரித்துத் தொட்டியில் கொட்டும் வழக்கமும் வேண்டாம். அது முதலில் பில்டரின் நுண்ணுயிரைக் கொன்று, நோய்க்கு மேல் அமோனியாவையும் கொண்டுவந்து சேர்க்கும்.

புது மீனுக்குத் தனித் தொட்டி என்று முன்பே சொன்னது இதற்கும்தான். இரண்டு மூன்று வாரம் அங்கே இருந்தால் நோய் இருப்பது தெரிந்துவிடும், வந்தாலும் அந்தச் சில மீனோடு நிற்கும். ஸ்பாஞ்ச் பில்டர், ஒரு மூடி, ஒளிந்துகொள்ள ஓர் உடைந்த மண்சட்டித் துண்டு இருந்தால் போதும். வலையைத் தனியாக வையுங்கள்.

கடையில் நிற்கும்போது

இழப்பில் ஒரு பங்கைக் கடையிலேயே தவிர்க்கலாம். இந்த மீன் எப்போது வந்தது என்று கேளுங்கள். நேற்று வந்தது என்றால் பிடித்தவற்றைச் சொல்லிவைத்துவிட்டு அடுத்த வாரம் வாருங்கள். பயணத்தில் அடிபட்டவை அதற்குள் போய்விடும், நிற்பவை நிற்கும். கண்ணெதிரே ஒரு முறை தீவனம் போடச் சொல்லுங்கள். பாய்ந்து வந்து தின்னும் மீனைத் தேர்ந்தெடுங்கள். தொட்டியில் ஒரே ஒரு மீன் இறந்து கிடந்தாலும் அந்தத் தொட்டியில் எதையும் எடுக்காதீர்கள். துடுப்பை உடம்போடு ஒட்டி மடக்கிக்கொண்டு நிற்கும் மீன் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

நிறம் முழுதாக ஏறிய ஆண் கப்பிதான் எல்லோருக்கும் பிடிக்கிறது. கப்பியின் ஆயுளே இரண்டு வருடம் போலத்தான். முழு நிறத்தில் நிற்கும் ஆணுக்கு ஏற்கெனவே பல மாதம் வயதாகியிருக்கும். சிறியதாக வாங்கி வளர்த்தால் நீண்ட காலம் பார்க்கலாம். ஊசி குத்திச் சாயம் ஏற்றிய கண்ணாடி மீனை வாங்கவே வாங்காதீர்கள். குத்திய காயத்தில் நோய் நுழைகிறது, சாயமும் கொஞ்ச நாளில் வெளுத்துவிடும், மீன் பட்ட வேதனைதான் மிச்சம்.

மிஸ் கேரளா என்று விற்கும் சிவப்புக் கோட்டு மீனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளின் மீன் அது. 1865-இல் மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே அதை விவரித்து, அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த டெனிசனின் பெயரைச் சூட்டினார். இன்று அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. குளிர்ந்து ஓடும், ஆக்சிஜன் நிறைந்த தண்ணீரில் கூட்டமாக வாழ்வது. கோடையில் 32 டிகிரி எட்டும் சிறு தொட்டியில் அதைத் தனியாக விடுவது கொடுமை. வாங்கியே தீர வேண்டும் என்றால் பண்ணையில் குஞ்சு பொரித்ததா, ஆற்றில் பிடித்ததா என்று கேட்டு, பண்ணை மீன் என்பது உறுதியானால் மட்டும், பெரிய தொட்டியும் நல்ல நீரோட்டமும் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

இறந்த பிறகு

இறந்த மீனை உடனே எடுங்கள். சில மணி நேரம் கிடந்தாலும் அழுகி அமோனியா ஏறும், மற்ற மீன்கள் கொத்தினால் நோய் பரவும். செடிக்கு அடியில் ஆழமாகப் புதைத்துவிடலாம். வாய்க்காலிலோ குளத்திலோ போட வேண்டாம். உயிரோடு இருக்கும் மீனை, வளர்க்க முடியவில்லை என்று ஆற்றில் விடுவது அதைவிடத் தவறு. 2018 வெள்ளத்தில் வளர்ப்பிடங்களிலிருந்து தப்பிய அரபைமா என்னும் பெரிய அமேசான் மீன் சாலக்குடி ஆற்றில் பிடிபட்டதைக் கேரளம் பார்த்திருக்கிறது.

பிறகு மூன்று விஷயத்தை ஒரு தாளில் எழுதுங்கள்: விட்ட தேதி, இறந்த தேதி, அன்றைய தண்ணீர்ச் சோதனை. தொட்டித் தண்ணீரைச் சிறிய பாட்டிலில் எடுத்துக்கொண்டு, இறந்த மீனின் படத்தோடு கடைக்குப் போங்கள். சண்டைக்காக அல்ல. அதே வண்டியில் வந்த மற்ற மீன்கள் கடையில் நன்றாக இருக்கின்றனவா என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். அங்கேயும் இறந்திருந்தால் காரணம் பயணத்திலோ வந்த இடத்திலோ இருக்கிறது. அங்கே எல்லாம் நலம் என்றால் நம் தண்ணீரைப் பார்க்க வேண்டும். மாற்று மீன் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னாலும் அன்றே வாங்கி வராதீர்கள். காரணம் தெரியும் முன் விட்டால் அதற்கும் அதே கதிதான்.

குழந்தை வளர்த்த மீன் என்றால், குழந்தை பள்ளிக்குப் போயிருக்கும்போது அதே நிறத்தில் வேறொன்றை வாங்கி வைத்துவிடுவோம் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம் என்பேன். மீன் இறந்ததைச் சொல்லுங்கள், தண்ணீர்ச் சோதனையைக் குழந்தையின் கையாலேயே செய்யவிடுங்கள். சோதனைக் குழாயில் அமோனியாவைக் காட்டி நிறம் பச்சையாக மாறுவதை ஒரு முறை பார்த்த குழந்தை அளவுக்கு மேல் தீவனம் போடாது.

வெள்ளைப் புள்ளியில் எல்லா மீனும் போயிருந்தால் தொட்டியை மூன்று வாரம் காலியாக ஓடவிடுங்கள். மீன் கிடைக்காத ஒட்டுண்ணி அதற்குள் அழிந்துவிடும். அந்த நாட்களில் பில்டரை நிறுத்தாமல், நுண்ணுயிர்களுக்காகத் தினமும் ஒரு சிட்டிகை தீவனம் போட்டுவாருங்கள். மின்வெட்டு நீளும் ஊர் என்றால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஆறு கப்பி வேண்டும் என்று நினைத்தால் முதலில் மூன்று வாங்குங்கள். அவை தனித் தொட்டியில் மூன்று வாரத்தைத் தாண்டிப் பெரிய தொட்டிக்குப் போன பிறகு மீதி மூன்றுக்குக் கடைக்குப் போகலாம்.